வலைப்பக்கத்தில் அயல் நிரல்: உலாவிப் பக்கப் பாதுகாப்பின் முப்பது ஆண்டு விடைகள்

வலைப்பக்கம் ஒன்றை உலாவி திறக்கும்போது வந்து சேரும் எழுத்துகளில் எது வாசிப்பதற்கான உரை, எது இயக்குவதற்கான நிரல் என்பதை யார் தீர்மானிப்பது? நெட்ஸ்கேப் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் மொழி சேர்க்கப்பட்ட 1995ஆம் ஆண்டிலிருந்தே இந்தக் கேள்வி இருந்துவருகிறது. எச்.டி.எம்.எல். மொழியில் உரையும் கட்டளையும் ஒரே எழுத்துத் தொடரில் கலந்து வருவதால், ஒருவர் பின்னூட்டப் பெட்டியில் தட்டச்சு செய்த வரி, அதைப் படிக்கவந்த மற்றொருவரின் உலாவியில் நிரலாக இயங்கிவிட முடியும். அவ்வாறு இயங்கும் நிரல், படிக்கவந்தவரின் கணக்கில் அவருக்கு உள்ள அதிகாரம் அனைத்தையும் பெற்றுவிடுகிறது. இந்தத் தாக்குதலுக்குக் கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் என்ற பெயர் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களிடையே உருவானது. அதே ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் செர்ட் ஒருங்கிணைப்பு மையம் இதுபற்றிப் பொது எச்சரிக்கை வெளியிட்டது.

எச்சரிக்கை வெளிவந்து கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனாலும் மைட்டர் நிறுவனம் தொகுக்கும் ஆபத்தான 25 மென்பொருள் பலவீனங்களின் 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் இதே குறைபாடுதான் முதலிடம் பெற்றது. எனவே, விடைகள் இல்லாமையால் இந்தச் சிக்கல் நீடிக்கிறது என்று சொல்ல இயலாது. தரப்பட்ட விடைகள் எவை, ஒவ்வொன்றும் பாதுகாப்புப் பொறுப்பை யார்மீது சுமத்தியது, எந்த இடத்தில் அது தளர்ந்தது என்பவற்றை வரிசைப்படுத்தி மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மூலம் என்னும் எல்லை

எல்லா விடைகளுக்கும் அடித்தளமாக இருப்பது ஒரே மூலக் கொள்கை. நெறிமுறை, களப்பெயர், போர்ட் எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால் இரு பக்கங்கள் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று கொண்டு, ஒரு மூலத்தின் நிரல் மற்றொரு மூலத்தின் பக்கத்தைப் படிக்க விடாமல் உலாவி தடுப்பதே அதன் சாரம். நெட்ஸ்கேப்பின் இரண்டாம் பதிப்பு வரிசையில் தோன்றிய இந்த ஏற்பாட்டின் மையக் கருத்தான 'மூலம்' என்பது, ஆடம் பார்த் எழுதிய ஆர்.எஃப்.சி. 6454 என்னும் ஆவணத்தில் 2011இல்தான் முறையான வரையறை பெற்றது. வேறொரு தாவலில் திறந்திருக்கும் விளையாட்டுத் தளம், பக்கத்துத் தாவலில் உள்ள வங்கிக் கணக்கைப் படிக்க முடியாமல் இருப்பது இதனால்தான்.

ஆனால், இக்கொள்கை பக்கங்களுக்கு இடையே மட்டும் எல்லை வகுத்தது. பக்கத்துக்குள் எந்த எல்லையையும் வகுக்கவில்லை. ஸ்கிரிப்ட் குறிச்சொல் வழியாக எந்தத் தளத்திலிருந்தும் நிரலை அழைக்கலாம் என்ற சலுகை தொடக்கத்திலேயே வழங்கப்பட்டது. அழைக்கப்பட்ட நிரல் எங்கிருந்து வந்தாலும், அழைத்த பக்கத்தின் மூலத்துக்கு உரிய முழு அதிகாரத்தோடு இயங்கும். பின்னாளில் எழுந்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தவை எனலாம்.

முதல் விடை: உள்ளே வருவதை வடிகட்டுதல்

முதலில் தோன்றிய விடை, பயனரிடமிருந்து வரும் உரையில் ஆபத்தான சொற்களையும் குறிச்சொற்களையும் நீக்கிவிட்டுச் சேமிப்பது. எளிதில் புரியக்கூடியதும் வழங்கியின் ஒரே இடத்தில் செய்து முடிக்கக்கூடியதுமாக இருந்ததால், இந்த முறை 2000களின் முற்பகுதியில் பரவலாகக் கையாளப்பட்டது.

இதன் பலவீனத்தை 2005 அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் பரவிய சாமி புழு வெளிப்படுத்தியது. அத்தளம் ஸ்கிரிப்ட் குறிச்சொல்லையும், ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லையும் வடிகட்டி வந்தது. சாமி கம்கார் எழுதிய நிரலோ, அந்தச் சொல்லின் நடுவே ஒரு வரி முறிவை இட்டு, அலங்காரத்துக்கான ஸ்டைல் பண்பின் உள்ளே மறைந்து நுழைந்தது. சில உலாவிகள் முறிந்த சொல்லையும் தாமாகவே சேர்த்துப் படித்து இயக்கின. அவருடைய பக்கத்தைப் பார்த்தவர் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அந்த நிரல் படியெடுக்கப்பட்டு, 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை அடைந்தது. வடிகட்டி ஒரு வகையில் படித்த உரையை உலாவி வேறு வகையில் படித்ததே தோல்விக்குக் காரணம்.

இதே சிந்தனைப் போக்கின் மற்றொரு வடிவம் பி.எச்.பி. மொழியில் இருந்த மேஜிக் கோட்ஸ் வசதி. தரவுத்தளத் தாக்குதலைத் தடுப்பதற்காக, உள்ளே வரும் மேற்கோள் குறிகள் அனைத்துக்கும் முன்னால் அது தானாகவே பின்சாய்கோடு சேர்த்தது. அந்த உரை எங்கே பயன்படப்போகிறது என்று தெரியாமல் செய்யப்பட்ட மாற்றம் என்பதால், தேவையான இடத்தில் போதாமலும் தேவையற்ற இடத்தில் உரையைச் சிதைத்தும் வந்து, 2012இல் வெளியான 5.4 பதிப்பில் அது நீக்கப்பட்டது. உள்ளீட்டைச் சரிபார்ப்பது இன்றும் பயனுள்ள பழக்கமே. வயது என்ற கட்டத்தில் எண் மட்டுமே வரவேண்டும் என்று வரையறுப்பதில் தவறில்லை. ஆனால் பின்னூட்டம், முகவரி, பெயர் போன்ற கட்டற்ற உரைக்கு அது பாதுகாப்பாக அமையாது என்பதில் இப்போது பரவலான உடன்பாடு உள்ளது.

இரண்டாம் விடை: இடத்துக்கு ஏற்ற குறிமாற்றம்

அடுத்த விடை கவனத்தை உள்ளீட்டிலிருந்து வெளியீட்டுக்கு மாற்றியது. குறிமாற்றம் என்பது, உலாவி கட்டளையாக எண்ணக்கூடிய எழுத்துகளை, திரையில் அதே உருவில் தெரிந்தாலும் கட்டளையாகச் செயல்படாத வேறு குறியீடுகளாக மாற்றி எழுதுவது. இங்கே கவனிக்க வேண்டியது, ஒரே உரைக்கு ஒரே குறிமாற்றம் எல்லா இடத்துக்கும் போதாது என்பது. பத்தியின் நடுவே வரும் உரைக்கு ஒரு விதி. குறிச்சொல்லின் பண்புக்குள் வரும் உரைக்கு மற்றொரு விதி. இணைப்பு முகவரிக்குள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் சரத்துக்குள்ளும் வருவனவற்றுக்கு வேறு வேறு விதிகள். இணைப்பு முகவரியில், எழுத்துகள் அனைத்தும் சரியாகக் குறிமாற்றம் பெற்ற பின்னரும், முகவரி ஜாவாஸ்கிரிப்ட் என்ற நெறிமுறையோடு தொடங்கினால் சொடுக்கியவுடன் நிரல் இயங்கிவிடும்.

இந்த விதிகளை ஒவ்வொரு நிரலாளரும் ஒவ்வொரு வரியிலும் நினைவில் வைத்திருப்பார் என்று எதிர்பார்த்தது இவ்விடையின் முதற்கட்டக் குறை. அதைத் தீர்க்க, வார்ப்புரு மொழிகள் குறிமாற்றத்தை இயல்பான நடத்தையாக்கின. இடத்தைத் தாமே கண்டறிந்து அதற்குரிய விதியைப் பொருத்தும் வார்ப்புருக்களும் வந்தன. 2013இல் வெளியான ரியாக்ட் நூலகம், பக்கத்தில் இடப்படும் மாறிகளின் மதிப்பை உரையாகவே கருதுவதை இயல்பாக்கியதோடு, மூல எச்.டி.எம்.எல்.லை அப்படியே இட விரும்புவோர் பயன்படுத்தவேண்டிய பண்புக்கு, ஆபத்து என்ற எச்சரிக்கையைப் பெயரிலேயே சேர்த்து வைத்தது. தவறான வழியை எழுதுவதற்கு நீளமானதாகவும், மறுபார்வையில் கண்ணுக்குப் படுவதாகவும் ஆக்கிய இந்த உத்தி, பிற்கால வடிவமைப்புகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது.

இருப்பினும் இரண்டு திசைகளில் இவ்விடைக்குச் சவால் வந்தது. 2005இல் அமித் க்ளைன் விவரித்த டாம் வகைத் தாக்குதலில், தீங்கான உரை வழங்கியின் வார்ப்புருவைத் தொடுவதே இல்லை. முகவரிப் பட்டையில் உள்ள ஒரு துண்டை உலாவியில் இயங்கும் நிரலே எடுத்து, இன்னர் எச்.டி.எம்.எல். போன்ற பண்பின் வழியே பக்கத்தில் இட்டுவிடுகிறது. எனவே வழங்கியில் செய்யப்படும் குறிமாற்றத்துக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டாவது சவால், தடித்த எழுத்து, இணைப்பு போன்ற சில குறிச்சொற்களைப் பயனருக்கு அனுமதித்தே ஆகவேண்டிய தளங்களுக்கானது. அங்கே முழுக் குறிமாற்றம் பொருந்தாது. ஆபத்தில்லாத குறிச்சொற்களை மட்டும் விட்டுவைக்கும் தூய்மையாக்கி தேவைப்படுகிறது. மரியோ ஹைடரிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் காட்டியபடி, தூய்மையாக்கப்பட்ட எச்.டி.எம்.எல்.லை உலாவி மீண்டும் படித்து எழுதும்போது அது உருமாறி, முன்பு இல்லாத நிரலாக வெளிப்படலாம். அவர் முன்னெடுத்த டாம்பியூரிஃபை நூலகம், உரையை வழங்கியில் ஆராய்வதற்கு மாறாக, உலாவியின் பகுப்பியையே கொண்டு ஆராய்வதற்கு இதுவே காரணம். சாமி புழு கற்பித்த பாடம், வேறு உருவில் இங்கே மீண்டும் உறுதிப்பட்டது.

மூன்றாம் விடை: உலாவியே ஊகித்துத் தடுத்தல்

நிரலாளர்கள் எல்லோரும் திருந்தும்வரை காத்திருக்க முடியாது என்று கருதியவர்கள், பொறுப்பை உலாவியிடமே ஒப்படைக்க முயன்றனர். 2009இல் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8இலும், அதைத் தொடர்ந்து குரோமிலும் இடம்பெற்ற வடிகட்டிகள், அனுப்பப்பட்ட கோரிக்கையில் உள்ள நிரல் போன்ற உரை, திரும்பிவந்த பக்கத்திலும் தென்பட்டால் அது தாக்குதலாக இருக்கலாம் என்று ஊகித்துத் தடுத்தன.

இவ்விடையின் சிறப்பு, தளங்கள் எதுவும் செய்யாமலே பயனர் ஓரளவு காக்கப்படுவது. ஆனால் அது தடுக்க முயன்றது, கோரிக்கையிலேயே வந்து உடனே எதிரொலிக்கும் வகையை மட்டுமே; தரவுத்தளத்தில் முன்னரே பதிந்துவிட்ட உரையை அதனால் அடையாளம் காண இயலாது. அதைவிடச் சிக்கலானது, வடிகட்டியே தாக்குபவருக்குக் கருவியாக மாறியது. பக்கத்தில் உண்மையாகவே உள்ள ஒரு நிரலைக் கோரிக்கையில் எழுதி அனுப்பினால், வடிகட்டி அந்த நல்ல நிரலை முடக்கிவிடும். முடக்கப்பட்டதா இல்லையா என்பதை வெளியிலிருந்து அறிவதன் மூலம் பக்கத்தின் உள்ளடக்கத்தையே ஊகிக்கவும் வழி பிறந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8 பக்கத்தைத் திருத்திய விதமே பாதுகாப்பான தளங்களிலும் ஓட்டை உண்டாக்கியதை எட்வர்டோ வேலா நாவாவும் டேவிட் லின்ட்சேயும் 2010இல் காட்டினர். எட்ஜ் உலாவி 2018இலும், குரோம் 2019இல் வந்த 78ஆம் பதிப்பிலும் இவ்வசதியைக் கைவிட்டன; ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தன்னுள் சேர்க்கவே இல்லை. முன்வைக்கப்பட்ட விடைகளில் முழுமையாகத் திரும்பப் பெறப்பட்டது இது.

நான்காம் விடை: தளம் அறிவிக்கும் கொள்கை

ஊகத்துக்கு மாற்றாக எழுந்தது அறிவிப்பு. எந்த நிரல் இயங்கலாம் என்பதைத் தளமே ஒரு ஹெடர் வழியாக, அதாவது பக்கத்துக்கு முன்னால் வழங்கி அனுப்பும் குறிப்பின் வழியாக, உலாவிக்குச் சொல்லிவிடுவது உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கையின் அடிப்படை. இது நடைமுறையில் சி.எஸ்.பி. எனப்படுகிறது. மோசில்லாவில் உருவம் பெற்று 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4இல் வந்த இந்த ஏற்பாடு, தொடக்கத்தில் அனுமதிப் பட்டியல் முறையைச் சார்ந்திருந்தது. குறிப்பிட்ட களப்பெயர்களிலிருந்து வரும் நிரல்கள் மட்டுமே இயங்கும். பக்கத்தின் உள்ளேயே எழுதப்பட்ட நிரல்கள், தனியே அனுமதி தராதவரை, இயங்கா.

கோட்பாட்டில் வலுவான இம்முறை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை, கூகுளைச் சேர்ந்த லூகாஸ் வைக்செல்பாமும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு அளவிட்டது. நிரல் இயக்கத்தைக் கட்டுப்படுத்த முயன்ற கொள்கைகளில் 94.68 விழுக்காடு பயனற்றவை என்று அது கண்டது. பல தளங்கள், பழைய நிரல்கள் உடையாமல் இருப்பதற்காக, உள்ளே எழுதப்பட்ட எல்லா நிரலையும் அனுமதித்துவிட்டன. அவ்வாறு செய்யாதவையும் பிரபலமான களப்பெயர்களைப் பட்டியலில் சேர்த்திருந்தன. மிகுதியாக அனுமதிக்கப்பட்ட 15 களப்பெயர்களில் 14இல் கொள்கையைச் சுற்றிச் செல்ல உதவும் முகவரிகள் இருந்தன.

அந்த ஆய்வு பரிந்துரைத்த மாற்று, களப்பெயர்களை நம்பாமல் நிரலை நம்புவது. பக்கம் அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் வழங்கி ஊகிக்க முடியாத ஒரு புதிய மதிப்பை உருவாக்கி, ஹெடரிலும் தன்னுடைய ஸ்கிரிப்ட் குறிச்சொற்களிலும் அதை இடுகிறது. இடையில் நுழைந்த நிரலிடம் அந்த மதிப்பு இராது என்பதால் அது இயங்காது. நான்ஸ் எனப்படும் இம்மதிப்பைக் கொண்ட கொள்கையே இன்று வல்லுநர்கள் பெரிதும் பரிந்துரைப்பது. ஆனால் 2017இல் செபாஸ்டியன் லெகீஸ் உள்ளிட்டோர் 16 ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்குகளை ஆராய்ந்து, இதற்கும் ஒரு மறுப்பை வைத்தனர். பக்கத்தில் முறையாக இயங்கும் ஃபிரேம்வொர்க்கே, சாதாரணக் குறிச்சொற்களில் உள்ள பண்புகளைப் படித்து நிரலாக மாற்றும் இயல்புடையதாக இருந்தால், தாக்குபவர் நிரல் எதையும் நுழைக்காமலே தம் எண்ணத்தை நிறைவேற்றிக்கொள்ள முடியும்.

இவ்வரிசையில் அண்மையது டிரஸ்டெட் டைப்ஸ். 2020இல் குரோம் 83இல் அறிமுகமான இவ்வசதி இயக்கப்பட்ட பக்கத்தில், இன்னர் எச்.டி.எம்.எல். போன்ற ஆபத்தான நுழைவாயில்கள் வெறும் சரத்தை ஏற்பதில்லை. முன்னரே வரையறுக்கப்பட்ட ஒரு சார்பின் வழியே தூய்மையாக்கப்பட்ட மதிப்பை மட்டும் ஏற்கின்றன. ஆயிரக்கணக்கான வரிகளைத் தணிக்கை செய்யும் வேலை, அந்தச் சில சார்புகளைத் தணிக்கை செய்யும் வேலையாகச் சுருங்குகிறது. டாம் வகைத் தாக்குதலுக்கு எதிரான உறுதியான விடைகளில் இது ஒன்று. ஆனால் பழைய தளங்களிலும் பிறர் நூலகங்களிலும் இதைப் பொருத்துவதற்கு ஆகும் உழைப்பு சிறிதன்று.

சேதத்தைச் சுருக்கும் ஏற்பாடுகள்

தாக்குதலைத் தடுக்க முடியாமற்போனால் இழப்பையாவது குறைக்க வேண்டும் என்ற நோக்கில் சில ஏற்பாடுகள் தனியே வளர்ந்தன. 2002இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இன் முதல் சர்வீஸ் பேக்கில் வந்த எச்.டி.டி.பி.ஒன்லி குறி, உள்நுழைவு அடையாளத்தைச் சுமக்கும் குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் படிக்க முடியாமல் செய்தது. உள்நுழைவு டோக்கனை இத்தகைய குக்கியில் வைப்பதா, உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைப்பதா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. குக்கியை ஆதரிப்போரின் வாதம் வலுவானதே எனினும், அது தரும் காப்பு வரம்புக்குட்பட்டது: நுழைந்த நிரலால் குக்கியைத் திருடிச் செல்ல இயலாவிட்டாலும், பக்கம் திறந்திருக்கும் வரை அதே குக்கியோடு கோரிக்கைகளை அனுப்ப இயலும்.

குக்கிக்கு மற்றோர் இடர் உண்டு. எந்தத் தளத்திலிருந்து கோரிக்கை கிளம்பினாலும் உலாவி அதைத் தானாக இணைத்து அனுப்புவதால், வேறொரு தளம் பயனர் அறியாமலே அவர் பெயரில் பணப் பரிமாற்றம் போன்ற கோரிக்கையை அனுப்பிவிடலாம். இதற்கு எதிராக ஒவ்வொரு படிவத்திலும் ரகசிய மதிப்பைச் சேர்ப்பது நிரலாளரின் பொறுப்பாக நெடுங்காலம் இருந்தது. 2020இல் குரோம் 80 தொடங்கி, சேம்சைட் என்னும் குறி இடப்படாத குக்கிகள் பெரும்பாலான அயல்தளக் கோரிக்கைகளோடு செல்வதில்லை என்பது இயல்பாக்கப்பட்டது. உள்நுழைவு வசதிகள் சில தளங்களில் உடையக்கூடும் என்பதால், பெருந்தொற்றுக் காலத்தில் அந்த மாற்றம் சில மாதங்கள் நிறுத்திவைக்கப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. ஒரு பாதுகாப்பான இயல்புநிலையைக் கொண்டுவருவதற்கு வலை முழுவதும் எவ்வளவு விலை தரவேண்டியிருக்கிறது என்பதற்கு அது சான்று.

அழைத்துவந்த நிரலின் சிக்கல்

மேற்கண்ட விடைகள் அனைத்தும், தளத்தின் சொந்த நிரல் நம்பத்தக்கது, நுழைந்த நிரல் நம்பத்தகாதது என்ற பிரிவை ஏற்றுக்கொண்டவை. கடந்த பத்தாண்டுகளில் இந்தப் பிரிவே கேள்விக்குள்ளாகியுள்ளது. 2018 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகக் கோப்பில் 22 வரிகள் சேர்க்கப்பட்டு, வாடிக்கையாளர்கள் தட்டச்சு செய்த அட்டை விவரங்கள் வேறொரு களப்பெயருக்கு அனுப்பப்பட்டன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பாதித்திருக்கக்கூடிய இந்நிகழ்வுக்காக, பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020இல் இரண்டு கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அங்கே கெடுதல் செய்தது தளம் தானே வழங்கிய கோப்பு. குறிமாற்றமோ தூய்மையாக்கியோ அதைத் தொட்டிருக்க வழியில்லை.

இத்தகைய நிலைக்கு முன்வைக்கப்படும் விடை, டபிள்யூ3சி 2016இல் பரிந்துரையாக ஏற்ற எஸ்.ஆர்.ஐ. என்னும் துணைவளச் சரிபார்ப்பு. அழைக்கப்படும் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் குறிச்சொல்லிலேயே எழுதிவைத்தால், கோப்பு ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை இயக்காது. ஆனால் இது மாறாத கோப்புகளுக்கே பொருந்தும். பழைய உலாவிகளுக்கு விடுபட்ட வசதிகளை வழங்கிவந்த பாலிஃபில் சேவையின் களப்பெயர் 2024இல் கைமாறிய பின், அதை அழைத்திருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களின் வழியே தீங்கான நிரல் பரவியது. ஒவ்வோர் உலாவிக்கும் வெவ்வேறு கோப்பை உருவாக்கித் தருவதே அச்சேவையின் இயல்பாதலால், ஹாஷ் மதிப்பை எழுதிவைப்பதற்கே அங்கு வாய்ப்பிருக்கவில்லை.

பக்கத்துக்குள்ளேயே நிரல்களைத் தனித்தனியே அடைத்து, குறைந்த அதிகாரத்தோடு இயங்கவைக்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. கூகுளின் காஹா திட்டம் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. நீண்டகாலம் நடந்த அந்தத் திட்டம் 2021இல் மூடப்பட்டது. இன்னொரு புறம், அட்டைப் பணப் பரிமாற்றத்துக்கான பி.சி.ஐ. டி.எஸ்.எஸ். தரநிலையின் நான்காம் பதிப்பு, பணம் செலுத்தும் பக்கத்தில் இயங்கும் ஒவ்வொரு நிரலும் பட்டியலிடப்பட்டு, காரணம் எழுதப்பட்டு, மாற்றம் கண்காணிக்கப்பட வேண்டும் என்பதை 2025 மார்ச் 31க்குப் பின் கட்டாயமாக்கியுள்ளது. தொழில்நுட்பம் விட்டுவைத்த இடைவெளியை விதிமுறை நிரப்ப முயல்வதாக இதைக் கொள்ளலாம்.

மதிப்பீடு

இந்த வரலாற்றில் ஓரளவு தெளிவாகத் தெரியும் போக்கு ஒன்று உண்டு. தனி நிரலாளரின் நினைவாற்றலையும் விழிப்பையும் மட்டுமே நம்பிய விடைகள், உலாவியின் ஊகத்தை நம்பிய விடை ஆகியவை நீடிக்கவில்லை. நிரலாளர் எதுவும் செய்யாவிட்டாலும் பாதுகாப்பாகவே இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை, அதாவது தானியங்கிக் குறிமாற்றம், சேம்சைட் இயல்புநிலை போன்றவை, நிலைத்து நின்றன. சி.எஸ்.பி.யின் அனுபவம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: கருவி வலுவாக இருந்தும், அதை ஒவ்வொரு தளமும் தானே எழுதவேண்டியிருந்ததால் பெரும்பாலோர் பிழையாக எழுதினர்.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. இயல்புநிலைகள் மாறுவதற்கு முன் எழுதப்பட்டு இன்றும் இயங்கும் கோடிக்கணக்கான பக்கங்களை, அவற்றை உடைக்காமல் பாதுகாப்பான வடிவத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பது முதலாவது. ஃபிரேம்வொர்க்குகள் தரும் வசதிக்கும் அவை புகுத்தும் புதிய நிரல்வழிகளுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்பது இரண்டாவது. மூன்றாவதும் மிகக் கடினமானதும், தளமே நம்பி அழைத்துவந்த நிரலின் அதிகாரத்தைப் பக்கத்துக்குள் எவ்வாறு வரையறுப்பது என்பது. இதற்கு ஐஃபிரேம் போன்ற தனிச்சட்டத்துக்குள் ஒதுக்கிவைப்பதைத் தவிரப் பரவலாக ஏற்கப்பட்ட விடை இன்னும் உருவாகவில்லை.

இக்கேள்விகள் தீரும்வரை, புதிதாகத் தளம் எழுதத் தொடங்கும் நிரலாளருக்கு இவ்வரலாறு ஒரு வரிசையைத் தருகிறது. தானாகக் குறிமாற்றம் செய்யும் வார்ப்புருவைத் தேர்ந்தெடுத்து அதன் விதிவிலக்கு வழிகளைத் தவிர்ப்பது முதலில் வரவேண்டும்; மூல எச்.டி.எம்.எல். தேவைப்படும் இடத்தில் சோதிக்கப்பட்ட தூய்மையாக்கி, அதற்குப் பின் நான்ஸ் அடிப்படையிலான கொள்கை, அதனுடன் குக்கிக் குறிகள் என்று அடுத்தடுத்த அரண்கள் அமையவேண்டும். அயல் நிரல் ஒவ்வொன்றையும் அழைப்பதற்கு முன், அது பக்கத்தின் முழு அதிகாரத்தையும் பெறப்போகிறது என்பதைக் கருதி, அதன் தேவையை எழுத்தில் பதிவு செய்வது நல்லது. தேவையில்லாத அயல் நிரலை அழைக்காமல் விடுவதே, இதுவரை கிடைத்துள்ளவற்றில் செலவு குறைந்த பாதுகாப்பு.